கேட்டுத் தெளிவோம்

உரைநடைப் பாடம்: பயணமும் பொது அருகலையும்

நுழையும்முன்

ஊர்விட்டு ஊர் செல்வோர் முற்காலத்தில் கட்டுச்சோற்றையும் மாற்றுடையையும் மறவாமல் எடுத்துச் சென்றனர். இன்று அந்தப் பட்டியலில் திறன்பேசியும் சேர்ந்துவிட்டது. பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு, குடும்ப நிழற்படங்கள், உற்றார் உறவினர் எண்கள் ஆகிய அனைத்தும் அச்சிறு கருவிக்குள் அடங்கியுள்ளன. தொடர்வண்டி நிலையம், வானூர்தி நிலையம், உணவகம் முதலிய பொது இடங்களில் கிடைக்கும் வைஃபை இணைப்பைத் தமிழில் அருகலை என்கிறோம். அது பயணிக்குப் பெருந்துணையாகும். அத்துணையை ஏமாறாமல் பயன்படுத்துவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கற்றல் நோக்கங்கள்

• பொது அருகலை இயங்கும் முறையை அறிதல்.
• உண்மையான இணைப்பையும் போலி இணைப்பையும் வேறுபடுத்திப் பார்த்தல்.
• பயணத்தின்போது பின்பற்ற வேண்டிய பாதுகாப்பு நெறிகளைக் கைக்கொள்ளுதல்.

1. நிலையத்தில் ஒரு பிற்பகல்

பின்வரும் நிகழ்ச்சி கற்பனையானது. ஆயினும் எவருக்கும் நேரக்கூடியது.

பெங்களூரு கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா தொடர்வண்டி நிலையம். சென்னை செல்லும் விரைவுவண்டி புறப்பட இன்னும் முக்கால் மணிநேரம் இருந்தது. அல்சூரைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பாட்டியுடன் நடைமேடை இருக்கையில் அமர்ந்திருந்தாள். பாட்டி செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உறவினர் இல்லத் திருமணத்திற்காக இருவரும் சென்னைக்குப் புறப்பட்டிருந்தனர்.

“கண்ணு, இந்த மாத ஓய்வூதியம் வந்துவிட்டதா என்று என் ஃபோனில் பாரம்மா. கல்யாண வீட்டில் மொய் எழுத வேண்டும்” என்றார் பாட்டி.

“இதோ பார்க்கிறேன் பாட்டி. உங்கள் ஃபோனில் டேட்டா தீர்ந்துவிட்டது. பரவாயில்லை, இங்கே இலவச வைஃபை இருக்கிறது” என்றாள் பேத்தி.

திரையில் பல பெயர்கள் தோன்றின. அவற்றுள் இரண்டு பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றில் மட்டும் ‘இலவசம்’ என்னும் சொல் கூடுதலாக இருந்தது. அதன் அலைவலிமையும் மிகுதியாகக் காணப்பட்டது. மாணவி அதனைத் தொட்டாள். உடனே ஒரு பக்கம் திறந்தது. கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி, மின்னஞ்சலின் கடவுச்சொல் ஆகியவற்றை அது கேட்டது. இறுதியில், இணைப்பை உறுதிசெய்வதற்காக ஒரு ரூபாய் செலுத்துமாறு கூறி, வங்கி அட்டை எண்ணையும் மறைஎண்ணையும் கேட்டது.

“பாட்டி, உங்கள் பேங்க் கார்டைக் கொடுங்கள். ஒரு ரூபாய்தான் கேட்கிறார்கள்.”

பாட்டி கைப்பையைத் திறந்தார், அட்டையை எடுக்கவில்லை.

“கேட்பது யார்?”

“இந்த வைஃபைதான் பாட்டி.”

“வைஃபை என்றால் யார், கண்ணு? போன மாதம் மீட்டர் பார்க்க வந்திருக்கிறேன் என்று ஒருவர் நம் வாசலில் நின்றார். அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்று நீதானே அவரிடம் கேட்டாய்? அவரிடம் கேட்டதை இவர்களிடம் கேட்டாயா?”

மாணவி விடை கூற இயலாமல் திகைத்தாள். பின்னர் எழுந்து நிலையத்தின் விசாரணை மையத்திற்குச் சென்றாள். அங்கிருந்த அலுவலர் நிலையத்தின் அருகலைப் பெயரை எழுதிக் காட்டினார். “இலவசப் பயன்பாட்டுக்குக் கைப்பேசி எண்ணும் அதற்கு வரும் ஓ.டி.பி.யும் போதும். வங்கி அட்டை தேவையில்லை. நீ சொல்லும் மற்றொரு பெயர் எங்களுடையதன்று” என்று அவர் கூறினார்.

மாணவி உடனே அந்த இணைப்பைத் துண்டித்தாள். திறன்பேசியின் நினைவிலிருந்தும் அப்பெயரை நீக்கினாள். பின்னர் வங்கியின் குறுஞ்செய்திச் சேவை வழியாகக் கணக்கின் இருப்பைக் கேட்டறிந்தாள். அதற்கு இணையமே தேவைப்படவில்லை. ஓய்வூதியம் வந்து சேர்ந்திருந்தது. அது பாட்டியின் கணக்கிலேயே பத்திரமாகவும் இருந்தது.

பாட்டிக்கு இணையத்தின் நுட்பங்கள் தெரியா. ஆயினும் இப்பாடத்தின் மையப்பொருளை அவர் ஒரே வினாவில் கேட்டுவிட்டார். பொது அருகலை நம்மை யார் என்று கேட்கிறது. அது யார் என்று நாம் கேட்கிறோமா?

2. பெங்களூருவும் பொது அருகலையும்

இந்தியாவில் பொது அருகலையைத் தொடக்கத்திலேயே வரவேற்ற நகரங்களுள் பெங்களூரு முதன்மையானது. 2014ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் ‘நம்ம வைஃபை’ என்னும் இலவசச் சேவை இந்நகரில் தொடங்கப்பெற்றது. மகாத்மா காந்தி சாலை, பிரிகேட் சாலை ஆகிய கடைத்தெருக்களிலும், சாந்திநகர், யஷ்வந்தபூர், கோரமங்களா ஆகிய பேருந்து நிலையங்களிலும் பொதுமக்கள் அதனைப் பயன்படுத்தினர்.

தொடர்வண்டி நிலையங்களிலும் இவ்வசதி விரைவில் பரவியது. இந்திய இரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனம் கூகுள் நிறுவனத்துடன் இணைந்து, 2016ஆம் ஆண்டு ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் இப்பணியைத் தொடங்கியது. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற்குள் 400 நிலையங்கள் இணைப்புப் பெற்றன. கூகுள் விலகிய பின்னரும் ரெயில்டெல் இச்சேவையைத் தொடர்ந்து விரிவுபடுத்தியது. இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் இவ்வசதி உள்ளது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் நடுவண் அரசு ‘பி.எம். வாணி’ திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. தெருமுனைத் தேநீர்க் கடையும் மளிகைக் கடையும்கூடப் பொது அருகலை வழங்குவதற்கு இத்திட்டம் வழிவகுத்தது.

சிற்றூரிலிருந்து தேர்வெழுத வரும் மாணவரும், வேலை தேடி வரும் இளைஞரும், வெளியூர் மருத்துவமனைக்கு வரும் முதியவரும் இவ்வசதியால் பயன்பெறுகின்றனர். எனவே பொது அருகலையை முற்றிலும் ஒதுக்குதல் தீர்வாகாது. அதன் இயல்பை அறிந்து பயன்படுத்துதலே அறிவுடைமையாகும்.

3. காற்றில் செல்லும் செய்தி

அருகலையில் செய்திகள் வானலைகளாகச் செல்கின்றன. ரவுட்டர் எனப்படும் திசைவிக்கும் நம் திறன்பேசிக்கும் இடையே கம்பி இல்லை, காற்றுவெளியே உள்ளது. கூட்டத்தின் நடுவே இருவர் உரக்கப் பேசினால் அருகிலிருப்போர் அனைவருக்கும் கேட்கும் அல்லவா? அதுபோலவே அருகலையின் அலைகளும் சுற்றிலுமுள்ள எல்லாக் கருவிகளையும் சென்றடைகின்றன. பிறர் புரிந்துகொள்ளாதவாறு செய்தியை மாற்றி அனுப்பும் முறைக்கு மறையாக்கம் என்று பெயர். கடவுச்சொல் கேட்காத திறந்த அருகலைகள் பெரும்பாலும் இம்மறையாக்கத்தைச் செய்வதில்லை.

இதன் விளைவை 2010ஆம் ஆண்டு அக்டோபரில் உலகம் கண்டது. அமெரிக்க மென்பொருளாளர் எரிக் பட்லர் ‘ஃபயர்ஷீப்’ என்னும் சிறு மென்பொருளை வெளியிட்டார். திறந்த அருகலையைப் பயன்படுத்தும் ஒருவரின் சமூக ஊடகக் கணக்கிற்குள், அதே இடத்தில் அமர்ந்திருக்கும் மற்றொருவர் எளிதாக நுழைந்துவிடலாம் என்பதை அது மெய்ப்பித்தது. கடவுச்சொல்லைத் திருடவேண்டிய தேவையும் எழவில்லை. கணக்கில் நுழைந்தபின் இணையதளம் நமக்கு வழங்கும் ‘குக்கி’ என்னும் அடையாளச் சீட்டைக் காற்றிலிருந்து படியெடுத்தாலே போதுமானதாக இருந்தது. இணையதளங்களின் கவனக்குறைவை வெளிப்படுத்துவதே பட்லரின் நோக்கமாகும்.

அதன்பின் நிலைமை பெரிதும் சீரடைந்தது. இணையதளங்கள் ஒவ்வொன்றாக ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்னும் பாதுகாப்பு முறைக்கு மாறின. இம்முறையில், செய்தி நம் கருவியிலேயே மறையாக்கம் செய்யப்பட்டு, உரிய இணையதளத்தில்தான் திறக்கப்படுகிறது. இடையில் நிற்பவர் நாம் எந்தத் தளத்திற்குச் சென்றோம் என்பதைப் பெரும்பாலும் அறியலாம். அங்கு எழுதியதைப் படிக்க இயலாது. 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் ‘குரோம்’ உலாவி, இம்முறையைப் பின்பற்றாத தளங்கள் அனைத்தையும் ‘பாதுகாப்பற்றது’ என்று குறித்துக் காட்டுகிறது.

அவ்வாறாயின் அச்சமே தேவையில்லையா? இங்கே ஒன்றை நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். எச்.டி.டி.பி.எஸ். முறை, செய்தி செல்லும் வழியைக் காக்கிறது. வழியின் முடிவில் இருப்பவர் நல்லவரா என்பதைச் சொல்வதில்லை. உறையிட்டு ஒட்டிய மடலை இடையில் எவரும் படிக்க இயலாது. ஆயினும் அம்மடலைத் திருடனின் முகவரிக்கே அனுப்பினால் உறையால் பயனென்ன? போலி வங்கித்தளமும் இப்பாதுகாப்பு முறையைப் பெற்றுக்கொள்ளலாம். உலாவியில் தோன்றும் பூட்டுச் சின்னத்தைக் கண்டதும் ‘இத்தளம் நம்பத்தக்கது’ என்று பலர் தவறாகக் கருதினர். அதனாலேயே 2023ஆம் ஆண்டு குரோம் உலாவி பூட்டுச் சின்னத்தை நீக்கி, வேறொரு குறியீட்டை அவ்விடத்தில் அமைத்தது.

4. ஒருவழிச் சோதனை

பொது அருகலையில் இணையும்போது நம் கைப்பேசி எண்ணைக் கேட்பது ஏன்? அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2008ஆம் ஆண்டு ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பற்ற அருகலை வழியாக, வீட்டிலிருந்தோர் அறியாமலேயே அது அனுப்பப்பட்டிருந்தது. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின், 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. பொது அருகலையைப் பயன்படுத்துவோரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓ.டி.பி., அச்சரிபார்ப்பின் வடிவமாகும்.

இச்சோதனை ஒருவழிப் பாதை போன்றது. நாம் யார் என்பது அருகலைக்குத் தெரிந்துவிடுகிறது. அருகலை யாருடையது என்பதை நமக்குக் காட்டும் சான்று அதன் பெயர் ஒன்றே. அப்பெயரையோ எவரும் வைத்துக்கொள்ளலாம். தம் வீட்டுத் திசைவிக்கோ கைப்பேசிக்கோ ஒருவர் நிலையத்தின் பெயரையும் சூட்டலாம். புகழ்பெற்ற உணவகத்தின் பெயரையும் சூட்டலாம். இவ்வாறு உண்மை இணைப்பின் பெயரைத் தாங்கி நிற்கும் போலி இணைப்பை வல்லுநர்கள் ‘தீய இரட்டையர்’ என்று குறிப்பிடுகின்றனர்.

ஆஸ்திரேலியாவில் 2024ஆம் ஆண்டு இத்தகைய வழக்கு ஒன்று வெளிப்பட்டது. உள்நாட்டு வானூர்தி ஒன்றில் ஐயத்திற்குரிய அருகலைப் பெயர் தென்படுவதை விமான நிறுவனப் பணியாளர்கள் கவனித்து அறிவித்தனர். பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு வானூர்தி நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் போலி அருகலையை அமைத்ததாக ஒருவர்மீது அந்நாட்டுக் கூட்டரசுக் காவல்துறை குற்றம் சாட்டியது. அவ்விணைப்பில் சேர்ந்தவர்களுக்கு ஒரு போலிப் பக்கம் திறந்தது. மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கின் வழியாக நுழையுமாறு அது கேட்டது. பயணிகள் இலவச இணைப்பு என்று எண்ணித் தம் கடவுச்சொற்களைத் தாமே எழுதிக் கொடுத்தனர். இங்கே எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. சாவியை உரியவரே தந்துவிட்டார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொரு நுட்பத்தையும் அறிந்துகொள்வோம். நாம் முன்பு இணைந்த அருகலைகளின் பெயர்களைத் திறன்பேசி நினைவில் வைத்துக்கொள்கிறது. அதே பெயரையும் அதே பாதுகாப்பு அமைப்பையும் கொண்ட இணைப்பு மீண்டும் எதிர்ப்பட்டால், நம்மைக் கேளாமலேயே அது இணைந்துவிடக்கூடும். உணவகச் சுவரில் எழுதப்பட்ட கடவுச்சொல்லும் முழுக் காப்பாகாது. அச்சொல்லைச் சுவரில் படித்த எவரும் அதே பெயரிலும் அதே கடவுச்சொல்லிலும் ஒரு போலி இணைப்பை உருவாக்க இயலும்.

5. பயணி பின்பற்ற வேண்டியவை

புறப்படுவதற்கு முன்: திறன்பேசியின் மென்பொருளை வீட்டிலேயே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடவுச்சொல் கொண்ட அருகலைகளின் மறையாக்க முறையிலும் ஒரு குறைபாட்டைக் கண்டறிந்தனர். ‘கிராக்’ எனப்பட்ட அக்குறைபாடு மென்பொருள் புதுப்பிப்பால் சரிசெய்யப்பட்டது. புதுப்பிக்காத கருவிகளில் அது நீங்காமல் நின்றது. மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்கிற்கும் வெவ்வேறு கடவுச்சொற்களை அமைத்து, இருபடிச் சரிபார்ப்பையும் இயக்கி வைத்தல் நன்று. பயணச்சீட்டு, முகவரி, வரைபடம் ஆகியவற்றை முன்னரே தரவிறக்கிக்கொண்டால், வழியில் இணையத்தைத் தேடி அலையும் தேவை குறையும்.

பயணத்தின்போது: அருகலையின் சரியான பெயரை அறிவிப்புப் பலகையிலோ அலுவலரிடமோ கேட்டறிந்த பின்னரே இணைய வேண்டும். அலைவலிமையும் ‘இலவசம்’ என்னும் சொல்லும் நம்பகத்தன்மைக்குச் சான்றாகா. இணைப்புப் பக்கம் மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்டாலும், இலவசப் பயன்பாட்டுக்கு வங்கி அட்டை எண்ணைக் கேட்டாலும், செயலி ஒன்றை நிறுவச் சொன்னாலும் அங்கிருந்து வெளியேறிவிட வேண்டும். ‘இத்தளத்தின் சான்றிதழ் சரியில்லை’ என்று உலாவி எச்சரித்தால் மேலே செல்லலாகாது. நம்முடன் பேசுவது உண்மையான தளம்தானா என்னும் ஐயத்தையே அது தெரிவிக்கிறது. பணப் பரிமாற்றத்திற்குச் சொந்தக் கைப்பேசி இணையமே ஏற்றது. தீர்ந்துபோயின், உடன்வரும் உறவினரின் கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் வழியாக இணைப்பைப் பெறலாம்.

வி.பி.என். என்னும் செயலி, நம் செய்திகளை மறையாக்கம் செய்து மற்றொரு கணினியின் வழியாக அனுப்புகிறது. அருகலை உரிமையாளரின் பார்வையிலிருந்து அது நம்மை மறைக்கும். ஆயினும் அச்செயலியை நடத்துவோர் நம் இணையப் போக்குவரத்தைக் காணும் இடத்திற்கு வந்துவிடுகின்றனர். எனவே யாருடையது என்று தெரியாத இலவச வி.பி.என். செயலியை நிறுவுதல், ஓர் அந்நியரிடமிருந்து விலகி மற்றோர் அந்நியரிடம் செல்வதற்கு ஒப்பாகும். இங்கும் பாட்டியின் வினாவையே கேட்க வேண்டும்.

பயன்படுத்திய பின்: கணக்குகளிலிருந்து வெளியேறி, அருகலையை அணைத்துவிட வேண்டும். அந்த அருகலையின் பெயரைத் திறன்பேசியின் நினைவிலிருந்து நீக்கிவிட வேண்டும். தானாக இணையும் அமைப்பையும் நிறுத்தி வைத்தல் வேண்டும்.

6. பிழை நேர்ந்துவிட்டால்

ஏமாற்றம் எவருக்கும் நேரலாம். திட்டுவார்களோ என்று அஞ்சி மறைப்பதே பெரும்பிழை. காலம் தாழ்த்தாமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூற வேண்டும். வீட்டின் சிறுவர்களே முதியோரின் திறன்பேசியை இயக்கித் தரும் காலம் இது. ஆகவே உண்மையை உடனே கூறும் கடமையும் சிறுவர்களுக்கு உண்டு.

பணம் இழந்தால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ என்னும் அரசு இணையதளத்திலும் முறையிடலாம். வங்கிக்கும் அப்போதே தெரிவித்தல் இன்றியமையாதது. இந்திய ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மறைஎண்ணைப் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்கு அறிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவரையே சேரும். அறிவித்த பின்னர் ஏற்படும் இழப்பை வங்கி ஏற்கும். எனவே ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புடையது. கடவுச்சொல்லை மட்டும் இழந்திருந்தால், பாதுகாப்பான வேறோர் இணைப்பிலிருந்து அதனை உடனே மாற்ற வேண்டும்.

இணையக் குற்றங்களை விசாரிப்பதற்கென்றே நாட்டின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் 2001ஆம் ஆண்டு பெங்களூருவில்தான் அமைக்கப்பட்டது. இந்தியாவின் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் ‘செர்ட் இன்’ அமைப்பு 2004ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பொது அருகலையில் வங்கிப் பணிகளைத் தவிர்க்குமாறு அவ்வமைப்பும் அறிவுறுத்துகிறது.

7. ஏரிக்கரையில்

திருமணம் முடிந்து பாட்டியும் பேத்தியும் பெங்களூரு திரும்பினர். அவர்களின் வீடு அல்சூர் ஏரிக்கு அருகில் இருந்தது. அவ்வேரியின் அருகே அமைந்துள்ள திருவள்ளுவர் சிலை 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. ஒருவரை ஆராய்ந்து அறிந்த பின்னரே நம்ப வேண்டும் என்பதை உணர்த்துவதற்குத் ‘தெரிந்துதெளிதல்’ என்னும் ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்துள்ளார். அரசன் தன் பணியாளரைத் தேர்ந்தெடுப்பதற்குக் கூறிய நெறி அது. இன்று அதே நெறி, அருகலையின் பெயரைத் தொடுமுன் ஒரு மாணவிக்கும் தேவைப்படுகிறது.

சிலையைக் கடக்கும்போது மாணவியின் திறன்பேசி ஒலித்தது. அருகில் ஏதோ ஓர் இலவச அருகலை இருப்பதாக அது அறிவித்தது. அவள் பாட்டியைப் பார்த்தாள்.

“யார் என்று கேட்டுவிட்டுத் தொடுகிறேன் பாட்டி” என்றாள்.

“கேட்டால் போதாது கண்ணு; பதில் சரியாக இருக்கிறதா என்றும் பார்” என்றார் பாட்டி.

சொற்பொருள்

அருகலை – குறுகிய தொலைவில் கம்பியின்றி இணையம் வழங்கும் முறை
திசைவி – இணைய இணைப்பைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கருவி
மறையாக்கம் – பிறர் புரிந்துகொள்ளாதவாறு செய்தியை மாற்றியமைத்தல்
உலாவி – இணையதளங்களைக் காண உதவும் மென்பொருள்
மறைஎண் – பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய உரியவர் மட்டும் அறிந்துவைக்கும் எண்
ஐயம் – சந்தேகம்
நடுவண் அரசு – மத்திய அரசு

தெரிந்துகொள்வோம்

• தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000: இச்சட்டத்தின் 66சி பிரிவின்படி, பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனையும் ஒரு இலட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்கப்படலாம்.
• யு.பி.ஐ. மறைஎண் பணம் செலுத்துவதற்கே உரியது. பணம் பெறுவதற்கு அதனை இடவேண்டிய தேவையில்லை.

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பாட்டியின் ஓய்வூதிய விவரத்தை மாணவி இறுதியில் அறிந்துகொண்ட வழி
அ) இலவச அருகலை ஆ) வங்கியின் குறுஞ்செய்திச் சேவை இ) விசாரணை மையம் ஈ) மின்னஞ்சல்

2. எச்.டி.டி.பி.எஸ். முறை காப்பது
அ) செய்தி செல்லும் வழியை ஆ) தளத்தை நடத்துபவரின் நேர்மையை இ) அருகலையின் பெயரை ஈ) திறன்பேசியின் மின்கலத்தை

3. போலி அருகலையை அடையாளம் காண உதவும் குறிப்பு
அ) கைப்பேசி எண்ணைக் கேட்டல் ஆ) ஓ.டி.பி. அனுப்புதல் இ) மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்டல் ஈ) அலைவலிமை குறைந்திருத்தல்

ஆ. பொருத்துக.

1. 2001 – ஃபயர்ஷீப் மென்பொருள்
2. 2010 – நம்ம வைஃபை
3. 2014 – கிராக் குறைபாடு கண்டறியப்படுதல்
4. 2017 – முதல் சைபர் குற்றக் காவல் நிலையம்

இ. குறுவினாக்கள்

1. மறையாக்கம் என்றால் என்ன?
2. ‘தீய இரட்டையர்’ எனப்படுவது யாது?
3. பணம் இழந்தவர் உடனடியாக அழைக்க வேண்டிய உதவி எண் எது?

ஈ. சிறுவினாக்கள்

1. பொது அருகலையில் நடைபெறும் அடையாளச் சோதனை ‘ஒருவழிப் பாதை’ எனப்படுவது ஏன்?
2. குரோம் உலாவி பூட்டுச் சின்னத்தை நீக்கியதன் காரணத்தை விளக்குக.
3. உணவகச் சுவரில் எழுதப்பட்ட கடவுச்சொல் முழுக் காப்பாகாது என்பதை நிறுவுக.

உ. நெடுவினா

மீட்டர் பார்க்க வந்தவரையும் அருகலையையும் பாட்டி ஒப்பிட்டது பொருத்தமானதா? பாடப்பகுதியிலிருந்து சான்றுகள் காட்டிக் கட்டுரைக்க.

ஊ. மொழிப்பயிற்சி

1. பிரித்து எழுதுக: தனக்கென்று, பெருந்துணை, காப்பாகாது.
2. இலக்கணக் குறிப்பு அறிக: அறியாத எண் – எதிர்மறைப் பெயரெச்சம், கேட்டுத் தெளிந்தாள் – இதில் ‘கேட்டு’ வினையெச்சம், எழுதுக – வியங்கோள் வினைமுற்று.
3. பகுபத உறுப்பிலக்கணம்: கேட்டாள் = கேள் + ட் + ஆள். கேள் – பகுதி, ‘கேட்’ ஆனது விகாரம். ட் – இறந்தகால இடைநிலை. ஆள் – பெண்பால் வினைமுற்று விகுதி. இம்முறையில் ‘தொட்டாள்’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதுக.

எ. செயல்திட்டம்

உங்கள் வீட்டிலுள்ள முதியவர் ஒருவருடன் அமர்ந்து, அவருடைய திறன்பேசி நினைவில் வைத்திருக்கும் அருகலைப் பெயர்களைப் பாருங்கள். அவை யாருடையவை என்று இருவரும் கலந்துரையாடுங்கள். யாருடையது என்று தெரியாத பெயர்களை அவருடைய ஒப்புதலுடன் நீக்குங்கள். அவ்வாறு நீக்கியபோது அவர் கேட்ட வினாக்களையும் நீங்கள் கூறிய விடைகளையும் உரையாடல் வடிவில் ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.